பழைய மரத்தில் நின்று வேலை செய்யும் மேசை: கைக்கருவிகள் போதுமா?

மே 11 | வாசகர் கேள்வி

“இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து எடுத்த தேக்கு உத்திரங்களும், கதவு நிலைச் சட்டங்களும், கொஞ்சம் பலகைகளும் என்னிடம் இருக்கின்றன. பல ஆண்டுகள் காய்ந்த மரம், இனி சுருங்காது, வளையாது. பலகைகளை ஒட்டி மேற்பரப்பாக்கி, நான்கு கால்களைத் திருகாணியால் இறுக்கினால் நின்று வேலை செய்யும் மேசை தயார் என்பது என் கணக்கு. மின்கருவி எதுவும் கிடையாது. கைக்கருவிகளால் முடியுமா?”

மே 11, இரவு

முடியும். கருவிகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன இரண்டு விஷயங்கள்தான் என்னை உறுத்துகின்றன: ‘இனி சுருங்காது’, ‘நான்கு கால்களைத் திருகாணியால் இறுக்கினால்’. இரண்டுமே மேசையைக் கெடுக்கும்.

முதலில் சுருக்கம். மரம் எத்தனை காலம் காய்ந்திருந்தாலும், காற்றில் ஈரம் ஏறினால் அதை இழுத்துக்கொண்டு உப்பும். காற்று வறண்டால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். பச்சை மரம் காயும்போது வரும் முதல் பெரிய சுருக்கம் பழைய மரத்தில் எப்போதோ முடிந்துவிட்டது என்பது உண்மை. வளைய வேண்டிய கட்டைகள் பெரும்பாலும் வளைந்து முடித்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவது ஓயாது.

தேக்கு இதில் சாதுவான மரம். பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காய்ந்த நிலைக்கு வரும்போது, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதம் சுருங்குகிறது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதம்தான். நீளவாக்கில் சுருங்குவதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். இந்தச் சாதுவான மரத்தில்கூட, 65 செ.மீ. அகல மேற்பலகையின் ஈரம் 4 சதவீதம் மாறினால் அகலம் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் மாறிவிடும். அந்த 5 மில்லிமீட்டருக்கு இடம் விடாமல் குறுக்குச் சட்டத்தோடு இறுக்கிப் பிணைத்தால் பலகை வெடிக்கும், அல்லது ஒட்டு பிளக்கும்.

கால்களைப் பற்றி நாளை.

மே 12

சாதாரண மேசையின் உயரம் சுமார் 75 செ.மீ. நின்று வேலை செய்யும் மேசை பெரும்பாலானவர்களுக்கு 100 முதல் 110 செ.மீ. வரை வரும். முப்பது சென்டிமீட்டர்தானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் ஒரு முனையில் பிடிக்கப்பட்ட தண்டை மறுமுனையில் தள்ளினால் அது விலகும் தூரம், நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 75 செ.மீ. காலை 105 ஆக்கினால் நீளம் 1.4 மடங்கு, விலகல் 2.7 மடங்கு. அதே பருமனுள்ள கால், அதே மரம், அதே தள்ளல். உட்கார்ந்து எழுதும் மேசையில் கண்ணுக்கே தெரியாத ஆட்டம் இங்கே தட்டச்சு செய்யும்போது திரையை நடுங்க வைக்கும்.

இது கால் ஒன்றின் கணக்கு மட்டும். திருகாணியில் நிற்கும் கால்களில் இணைப்பே முதலில் தளர்கிறது. ஒவ்வொரு அசைவிலும் திருகாணியின் மரைகள் மரத்தை நசுக்கும், துளை பெரிதாகும், இறுக்குவீர்கள், மறுபடி தளரும். இந்த உயரத்துக்கு நான்கு தனிக்கால்கள் ஆகவே ஆகாது.

என் மேசைக்கு நான் எடுத்த அமைப்பு: இரண்டு பக்கச் சட்டகங்கள். ஒவ்வொன்றுக்கும் தரையில் படுத்திருக்கும் ஒரு பாதக்கட்டை, அதன்மேல் இரண்டு குத்துக்கால்கள், அவற்றின் தலையில் மேற்பலகையைத் தாங்கும் ஒரு குறுக்குக்கட்டை. இரண்டு சட்டகங்களையும் சேர்க்க இரண்டு நீளச் சட்டங்கள்: பின்பக்கம், பலகைக்குச் சற்றுக் கீழே ஒன்று, தரைக்கு அருகே ஒன்று. மேலே உள்ள நீளச் சட்டம் அகலமாக, 15 செ.மீ.க்குக் குறையாமல், செங்குத்தாக நிற்க வேண்டும். சட்டத்தின் அகலம் இரட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்காகும். பருமனைக் கூட்டுவதில் இந்த லாபம் கிடைக்காது.

உங்கள் உத்திரங்கள் பாதக்கட்டைக்கும் குத்துக்காலுக்கும். அவற்றை நெடுக்காக அறுத்துப் பலகையாக்கலாம் என்ற ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். காய்ந்த தேக்கு உத்திரத்தைக் கைவாளால் நீளவாக்கில் அறுப்பது மொத்த வேலையிலும் கடினமான வேலை. கிடைத்த பருமனை ஒட்டியே மேசையை வரையுங்கள்.

மே 12, மாலை

“தேக்கு கனமான மரம், அதன் பாரத்திலேயே மேசை அசையாமல் நிற்கும்” என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். பாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 150 × 65 செ.மீ., 3 செ.மீ. கனமுள்ள தேக்குப் பலகை ஏறக்குறைய 19 கிலோ. அத்தனையும் உச்சியில். உச்சியில் உள்ள பாரம் ஆட்டத்தை அடக்காது. ஆடத் தொடங்கினால் நிற்கத் தாமதமாக்கும். பாரம் பாதக்கட்டையில் இருந்தால் நல்லது. மேற்பலகையை 3 செ.மீ.க்கு மேல் தடிமனாக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. 2.5 கூடப் போதும்.

மே 14

ஆணிகள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், மேசையின் வடிவம் முந்திக்கொண்டது.

பழைய மரத்தில் தலை தெரியும் ஆணிகளால் ஆபத்தில்லை, பிடுங்கிவிடுவீர்கள். தலை முறிந்து, துளை மூடி, மேலே சாயமும் அழுக்கும் படிந்து உள்ளே கிடப்பவைதான் மரத்தைச் சீவிச் சமமாக்கும் இழைப்புளியின் அலகைத் தின்னும். வலுவான காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பலகையின் மேல் ஒரு விரல்கடை உயரத்தில் மெல்ல நகர்த்துங்கள். ஆணி இருக்கும் இடத்தில் நூல் சாயும். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஆழத்தில் உள்ளதைக் காந்தம் காட்டாது, அதனால் சில மில்லிமீட்டர் இழைத்ததும் மறுபடி காந்தத்தை ஓட்டுங்கள்.

மரமும் காட்டிக்கொடுக்கும். துவர்ப்பொருள் (டானின்) அதிகமுள்ள மரங்களில் இரும்பைச் சுற்றி நீலம் கலந்த கருப்புக் கறை பரவியிருக்கும். ஓக் மரத்தில் இது பளிச்சென்று தெரியும். கறை நாரோடு நீண்டு, ஒரு முனையில் அடர்ந்திருந்தால் ஆணி அந்த அடர்ந்த முனையில்தான் இருக்கிறது.

எடுக்கும் முறை: உடைந்த ஆணியைச் சுற்றி குறுகிய உளியால் இருபுறமும் கொஞ்சம் குழித்து, நீள மூக்குக் குறடால் பிடித்து, முதலில் சுழற்றிவிட்டுப் பிறகு இழுங்கள். துருப்பிடித்த ஆணி மரத்தோடு ஒட்டியிருக்கும், சுழற்றாமல் இழுத்தால் மீண்டும் முறியும்.

மே 15

இரண்டு எச்சரிக்கைகள், இரண்டும் உடம்பு சம்பந்தப்பட்டவை.

பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த சாயத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டி உரிக்காதீர்கள். ஈரப்படுத்திச் சுரண்டி, விழுவதைக் காகிதத்தில் கூட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அடுத்தது தூள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் தரும். கைக்கருவிகளின் பக்கம் நான் உறுதியாக நிற்க இது ஒரு பெரிய காரணம். இழைப்புளி சுருள் சுருளாகத் தள்ளும், அது தரையில் விழும், நுரையீரலுக்குள் போகாது. உப்புத்தாள் தூளை மட்டுமே தரும். வாளால் அறுக்கும்போதும் தூள் வரும் என்பதால் முகக்கவசம் கட்டாயம்.

மே 15, சற்று நேரம் கழித்து

பூச்சி பற்றிக் கேட்டவருக்கு: ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துளைகளும், அவற்றிலிருந்து மாவு போல உதிரும் தூளும் இருந்தால் வெளிறை, அதாவது பட்டையை ஒட்டிய இளமரத்தை, தின்னும் வண்டு. தேக்கின் வைரத்தை, அதாவது நடுவிலுள்ள முற்றிய மரத்தை, அது பெரும்பாலும் தொடாது. துளை மட்டும் இருந்து தூள் இல்லையென்றால் பழைய கதையாக இருக்கலாம். கட்டையைக் கருப்புக் காகிதத்தின் மேல் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் அந்த வெளிறை முழுக்கச் செதுக்கித் தள்ளுங்கள். வைரம் பாய்ந்த பகுதி போதாவிட்டால் அந்தக் கட்டை மேசைக்கு வேண்டாம்.

மே 19

உயரத்தை வலைத்தளப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேலை செய்யும்போது என்ன காலணி அணிவீர்களோ, அதோடு நில்லுங்கள். வெறுங்காலென்றால் வெறுங்கால். தோளைத் தளரவிட்டு, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, தரையிலிருந்து முழங்கையின் அடி வரை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். விசைப்பலகையின் மேற்புறம் அந்த அளவிலோ, ஓரிரு சென்டிமீட்டர் கீழேயோ இருக்க வேண்டும். விசைப்பலகையின் கனத்தைக் கழித்தால் மேசையின் உயரம்.

மடிக்கணினியை அப்படியே மேசையில் வைத்துப் பயன்படுத்துபவர்களுக்கு எந்த உயரமும் சரிவராது. கைக்குச் சரியான உயரத்தில் திரை இருந்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியாகத் திரையை உயர்த்தினால் தோள் தூக்கும். தனி விசைப்பலகை வாங்கிக்கொண்டு மடிக்கணினியை ஒரு கட்டையின் மேல் ஏற்றுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வந்தால் போதும். மிச்சம் விழும் துண்டுகளில் அந்தக் கட்டையை அழகாகச் செய்யலாம்.

மரத்தை அறுக்கும் முன், இருக்கிற மேசையின் மேல் பெட்டிகளை அடுக்கி அந்த உயரத்தில் சில நாட்கள் நின்று வேலை செய்து பாருங்கள். காலை ஒரு சென்டிமீட்டர் குறைப்பது எளிது, கூட்டுவது இயலாது.

மே 24

இழைப்பு. எனக்கு மிகப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தேக்கில் மணற்சத்து உண்டு. அலகு மழுங்குவது உங்கள் கையின் குறையென்று நினைத்துவிடாதீர்கள், இந்த மரம் எல்லோருடைய அலகையும் மழுக்கும். அலகை 25 பாகைச் சாய்வில் தீட்டி, நுனியில் மட்டும் 30 பாகையில் ஒரு மெல்லிய விளிம்பு வையுங்கள். மழுங்கியதும் அந்த விளிம்பை மட்டும் நாலைந்து இழுப்பில் புதுப்பித்துவிடலாம், முழுச் சாய்வையும் தேய்க்க வேண்டியதில்லை. தீட்டுக்கல் கைக்கெட்டும் தூரத்தில், நனைந்தபடியே இருக்கட்டும். எழுந்து போய்த் தீட்ட வேண்டும் என்றால் மழுங்கிய அலகோடே தள்ளத் தொடங்கிவிடுவோம்.

முதலில் முறுக்கு. நேரான, ஒரே அகலமுள்ள இரண்டு சட்டங்களைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்காக நிறுத்தி, ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பாருங்கள். இரண்டு விளிம்புகளும் ஒரே கோடாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. ஒரு பக்கம் ஏறித் தெரிந்தால், எதிரெதிர் மூலைகள் இரண்டு மேடாக இருக்கின்றன. முதலில் அந்த மூலைகளை மட்டும் இழையுங்கள்.

அடுத்து, நாருக்குக் குறுக்கே இழையுங்கள். பழைய பலகையின் மேடுபள்ளத்தைக் குறைக்க இதைவிட வேகமான வழி இல்லை. வாய் அகலமான இழைப்புளி, சற்றே வளைவாகத் தீட்டிய அலகு. பிறகு நாரோடு நீள இழைப்புளி.

கணுவுக்கு அருகே நார் திரும்பும் இடத்தில்தான் சோதனை. அங்கே ஒரு திசையில் தள்ளினால் வழவழப்பு, அதே தள்ளல் நான்கு விரல் தள்ளிப் போனதும் நாரைப் பிய்க்கும். கை அதை முன்கூட்டியே உணரும்: சீராக வந்துகொண்டிருந்த சத்தம் கரகரப்பாக மாறும், சுருள் அறுந்து அறுந்து வரும், இழைப்புளி ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்திலேயே நிறுத்துங்கள். அலகின் முதுகில் உள்ள மூடித்தகட்டை நுனிக்கு மிக நெருக்கமாக, தலைமயிர் இரண்டு மூன்று சேர்ந்த அளவு இடைவெளியில், கொண்டுவாருங்கள். வெட்டு ஆழத்தைக் குறையுங்கள். சுருள் உடனே எழும்பி வளையும், பிய்வதற்கு முன் முறியும். அப்படியும் அடங்காத இடத்துக்குச் சுரண்டுதகடு.

முதல் சுருள் விலகியதும் அழுக்குச் சாம்பல் நிறத்துக்கு அடியிலிருந்து அந்தப் பொன்பழுப்பு வெளிவரும். மணமும் எழும். எண்ணெய்ப் பசையோடு, தோலின் வாசம் கலந்த மணம். எத்தனையோ காலம் கூரையைத் தாங்கிய கட்டைக்குள் அது அப்படியே இருக்கிறது.

மே 25

“மேற்பரப்பு கண்ணாடி போல் வர வேண்டுமா?” என்று கேள்வி. மேற்பலகையின் மேற்புறம் வரட்டும். அடிப்புறத்தில், தாங்கு கட்டைகள் தொடும் இடம் மட்டும் சமமாக இருந்தால் போதும். ஆணித் துளைகளை மறைக்காதீர்கள் என்பது என் கட்சி. எழுதும் பேனா இறங்கும் இடத்தில் இருந்தால் மட்டும் அதே மரத்தில் முளை செய்து அடைத்துச் சமப்படுத்துங்கள்.

ஜூன் 2

இணைப்புகள். குத்துக்கால்கள் பாதக்கட்டையில் நுழையும் இடம்தான் மேசையின் உயிர். கழுந்து, அதாவது துளைக்குள் செருகக் குத்துக்காலின் முனையில் சீவிய நாக்கு, பாதக்கட்டையை முழுக்க ஊடுருவி அடியில் எட்டிப்பார்க்கட்டும். கழுந்தின் கனம் குத்துக்காலின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. துளையை முதலில் வெட்டுங்கள், துளைக்கேற்பக் கழுந்தைச் சீவுங்கள். கழுந்தை ஒரு சீவல் குறைக்க முடியும். துளையின் சுவரைச் சீராகத் திருத்துவது பெரும்பாடு.

கோட்டைப் பென்சிலால் போடாதீர்கள், கத்தியால் கீறுங்கள். பென்சில் கோட்டுக்கே அகலம் உண்டு. கத்திக் கீறலில் உளியின் நுனி தானே போய் உட்காரும்.

ஆட்டத்தை உண்மையில் தாங்குவது கழுந்தின் தோள், அதாவது கழுந்தைச் சுற்றி வெட்டிய படி. தோள் சுற்றிலும் பாதக்கட்டையில் படிந்திருந்தால் கால் அசைய இடமே இல்லை. ஒரு ஓரத்தில் காகிதம் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் சில மாதங்களில் இணைப்பு பல்லிளிக்கும்.

தோளை இறுக்க எனக்குத் தெரிந்த சிறந்த வழி, துளையை வேண்டுமென்றே சற்று விலக்கிப் போட்டு முளை அடிப்பது. பாதக்கட்டையின் பக்கவாட்டில், கழுந்துத் துளையைக் கடந்து போகும்படி 9 மில்லிமீட்டர் துளையிடுங்கள். கழுந்தை உள்ளே செருகி, துளைப்பானின் நுனியால் மையத்தைக் கழுந்தில் குறியுங்கள். கழுந்தை வெளியே எடுத்து, அந்தக் குறியிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தோளின் பக்கமாகத் தள்ளித் துளையிடுங்கள். பிறகு நார் நேராக ஓடும் காய்ந்த கட்டையைப் பிளந்து (அறுத்தெடுக்காதீர்கள்) நுனி கூம்பிய முளை செய்து, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் முளை அந்த வளைந்த பாதையில் திணறிக்கொண்டு இறங்கும், கழுந்து உள்ளே இழுபடும், தோளின் இடுக்கு கண்முன்னே மூடும். அடியின் ஓசை மந்தத்திலிருந்து கணீரென்று மாறியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த இணைப்புக்குக் கிளாம்ப் வேண்டாம், பசையும் வேண்டாம்.

ஜூன் 3

பசை வேண்டாம் என்றது முளையடித்த இணைப்புகளுக்கு மட்டும். மேற்பலகையின் துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்க்கப் பசை வேண்டும். தேக்கின் எண்ணெய்ப் பசை ஒட்டைத் தடுக்கும் என்பதால், இழைத்த அன்றே ஒட்டுங்கள். ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் விளிம்பைத் துடைத்து உலரவிடுங்கள். நேற்று இழைத்த விளிம்பில் எண்ணெய் மீண்டும் ஏறியிருக்கும்.

இரண்டு விளிம்புகளையும் சேர்த்து வைத்து இழைத்தால் மூலைமட்டத்திலிருந்து ஒரு பாகை விலகினாலும், இணைக்கும்போது ஒன்றையொன்று ஈடுசெய்து பலகை தட்டையாகவே வரும்.

ஜூன் 9

மேற்பலகையைச் சட்டகத்தோடு சேர்க்கும் இடத்தில்தான் முதல் நாள் சொன்ன 5 மில்லிமீட்டர் திரும்பி வருகிறது. குறுக்குக்கட்டையின் உட்பக்கத்தில் நீண்ட காடிகள் வெட்டுங்கள். சின்ன மரக்கட்டையில் நாக்கு போல ஒரு முனையைச் செதுக்கி, நாக்கு காடிக்குள் இருக்க, மறுமுனையைத் திருகாணியால் மேற்பலகையின் அடியில் பிடியுங்கள். பலகை அகலும்போது நாக்கு காடிக்குள் வழுக்கிக்கொண்டு போகும். மேல்நோக்கி மட்டும் எழும்பாது. பின்விளிம்பில், அகலமான நீளச் சட்டத்தோடு பலகையை அசையாமல் பிடித்துவிட்டால் அசைவு முழுக்க முன்விளிம்பில் வெளிப்படும். சுவரை ஒட்டி வைக்கும் மேசைக்கு அது வசதி.

நேரே மேலிருந்து திருகாணி அடித்து முடித்துவிடலாமே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். முடித்துவிடலாம். பலகை எங்கே வெடிக்கும் என்பதை அப்புறம் மரம் முடிவு செய்யும்.

ஜூன் 10

நாக்குக் கட்டைக்குப் பதில் உலோகப் பட்டை பயன்படுத்தலாமா? பட்டையில் நீள்துளை இருந்தால் தாராளமாக.

ஆகஸ்ட் 6

உரையாடல் வேறு பக்கம் போய்விட்டது, அதுவும் நல்ல பேச்சுதான். நின்று வேலை செய்தால் உடல் எடை குறையுமா? 2018-இல் வெளியான, பல ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்த ஒரு மதிப்பீடு, உட்கார்வதைவிட நிற்பதற்கு நிமிடத்துக்கு 0.15 கலோரி கூடுதலாகச் செலவாகிறது என்றது. மணிக்கு 9 கலோரி. எடை குறைக்க மேசை கட்ட வேண்டாம்.

நாள் முழுக்க நிற்பதும் கூடாது. கால் வீங்கும், நாளங்கள் புடைக்கும், இடுப்பு கடுக்கும். மாறி மாறி உட்காரவும் நிற்கவும்தான் இந்த மேசை. ஏற்றி இறக்கும் இயந்திரம் இல்லையே என்று வருந்த வேண்டாம். மேசையைத் தொடாமல், அதற்கேற்ற உயர முக்காலி ஒன்று செய்துகொள்ளுங்கள். நிற்கும்போதும் உட்காரும்போதும் கை ஒரே உயரத்தில் இருக்கும், திரையையும் நகர்த்த வேண்டாம். முக்காலியில் கால் ஊன்ற ஒரு சட்டம் இருந்தே ஆக வேண்டும், தொங்கும் கால் மரத்துப்போகும்.

தரைக்கு அருகே ஒரு நீளச் சட்டம் என்று மே 12-இல் எழுதினேன். இப்போது யோசித்தால் அதை 15 செ.மீ. உயரத்தில், குத்துக்கால்களின் முன்பக்கத்துக்கு நகர்த்துவது மேல் என்று படுகிறது. நிற்கும்போது ஒரு காலை மாற்றி மாற்றி அதில் வைத்தால் இடுப்புக்கு அத்தனை ஆறுதல். பின்பக்கத்து அகலச் சட்டம் ஒழுங்காக இருந்தால் விறைப்பில் குறை வராது.

செப்டம்பர் 21

கேள்வி கேட்டவர் மேசையை முடித்துவிட்டார். முன்விளிம்பு குறுக்குக்கட்டையைத் தாண்டி 3 மில்லிமீட்டர் நீண்டிருப்பதாகவும், பொருத்தியபோது இரண்டும் சமமாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது, மரம் இழுத்துக்கொண்டது, நாக்குகள் காடிக்குள் நகர்ந்திருக்கின்றன. எதையும் செய்யாதீர்கள். அந்த 3 மில்லிமீட்டரை இழைத்துச் சமமாக்கினால் வறண்ட பருவத்தில் பலகை உள்ளே போய் நிற்கும்.

செப்டம்பர் 21, இரவு

எண்ணெய் பூசும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வெப்பம் வெளியிடும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் உள்ளேயே தேங்கி, யாரும் நெருப்பு வைக்காமலே துணி பற்றிக்கொள்ளும். துணியைத் திறந்தவெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய உலோகப் பாத்திரத்தில் அமிழ்த்துங்கள்.

மேற்புறத்துக்கு எத்தனை பூச்சு பூசுகிறீர்களோ அத்தனை அடிப்புறத்துக்கும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை வேகமாக இழுத்தால் பலகை குழியும். ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு சிறிது நேரம் ஊறவிட்டு, மேலே நிற்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். துடைக்காத இடம் வாரக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும்.